ஒரு செக்கன் மறைந்த நட்சத்திரம்

(எமது வானொலியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



யூலை மாதம் பிறந்தால் என் குரலை நீங்கள் வருமான வரிப் படிவங்களோடு சேர்த்துத்தான் கேட்பீர்கள். எந்தச் செலவைக் கழிக்கலாம், எந்தப் பற்றுச்சீட்டை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் பல வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கு அந்தப் பேச்சு இல்லை. இன்றைக்கு வானத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறேன்.

"கணக்காளருக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் படித்தது வணிகம், வானியல் அல்ல. ஆனாலும் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கணக்கு எழுதுகிற ஒருவனுடைய மனம் குளிரக்கூடிய விஷயங்கள் இந்தக் கதையில் நிறைய இருக்கின்றன.

முதலில் ஒரு சின்ன விளக்கம். சந்திரன் வானத்தில் நகர்ந்து போகும்போது தன் பாதையில் இருக்கும் நட்சத்திரங்களைச் சில வேளைகளில் மறைத்துவிடும். எங்கள் பஞ்சாங்கத்தில் வருகிற ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நான்கு பிரகாசமான நட்சத்திரங்களும் இப்படி அவ்வப்போது சந்திரனுக்குப் பின்னால் மறைந்து வெளிவருகிறவைதான். இதை நட்சத்திர மறைப்பு என்று சொல்லலாம். கிரகணமும் ஒரு வகையில் இதுதான். ஒன்றுக்கு முன்னால் இன்னொன்று வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

சந்திரன் பெரியது, கிட்ட இருப்பது. அதனால் அது மறைப்பதை வீட்டு முற்றத்தில் நின்றே பார்க்கலாம். ஆனால் சூரியனில் இருந்து மிக மிகத் தொலைவில், புளூட்டோவுக்கும் அப்பால், சில பத்துக் கிலோமீற்றர் அளவே உள்ள ஒரு கல் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போனால்? அதையும் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கதைக்கு வருமுன் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். அதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

1977 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10 ஆந் திகதி. யுரேனஸ் கிரகம் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று வானியலாளர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்கள். அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், தொலைகாட்டி பொருத்திய ஒரு விமானத்தில் ஏறினார்கள். அந்த விமானம் புறப்பட்டது வேறெங்கும் இல்லை, நாங்கள் வாழும் இந்த அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில் இருந்துதான். இந்து சமுத்திரத்துக்கு மேலே பறந்துகொண்டு நட்சத்திரத்தின் ஒளியைப் பதிவு செய்தார்கள். கிரகம் மறைப்பதற்கு நிறைய நேரம் இருக்கும்போதே கருவிகளை இயக்கிவிட்டார்கள். அது நல்லதாகப் போயிற்று. யுரேனஸ் கிட்ட வருமுன்னரே நட்சத்திரம் சில தடவைகள் கண் சிமிட்டியது. யுரேனஸ் விலகிப் போன பிறகும் அதே மாதிரிச் சில தடவைகள் கண் சிமிட்டியது.

அதே இரவில் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வான் ஆய்வகத்திலும் ஒரு மீற்றர் தொலைகாட்டி யுரேனஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஜே. சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி என்ற இருவர் நட்சத்திரத்தின் ஒளி ஒரு கணம் குறைந்ததைப் பதிவு செய்தார்கள். அது யுரேனஸின் ஒரு புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று அவர்கள் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். ஒரேயோர் இடத்தில் நின்று ஒரு சிமிட்டலைக் கண்டவர்கள் அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் விமானத்தில் எடுத்த பதிவையும், மற்ற இடங்களில் எடுத்த பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது உண்மை வெளித்தது. கிரகத்துக்கு இந்தப் பக்கம் விழுந்த சிமிட்டல்களும் அந்தப் பக்கம் விழுந்த சிமிட்டல்களும் ஒன்றுக்கொன்று பொருந்தின. துணைக்கோள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. வளையம்தான் இருக்க முடியும். சனியைப் போல யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு, 1986 சனவரியில், வொயேஜர் 2 விண்கலம் கிட்டப் போய் அந்த வளையங்களைப் படம் பிடித்தது.

புளூட்டோவின் கதையும் இப்படியானதுதான். 1988 யூன் 9 ஆந் திகதி புளூட்டோ ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த நட்சத்திரம் மின்குமிழை அணைத்தது போலச் சட்டென்று மறையவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்துபோகும் விளக்கைப் போல மெதுவாக மங்கியது. அதை வைத்துத்தான் புளூட்டோவைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் ஒன்று இருப்பதை உறுதி செய்தார்கள். அன்றைக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கு மேல் ஒரு விமானம், குயின்ஸ்லாந்திலும் தஸ்மேனியாவிலும் நியூசிலாந்திலும் தரையில் தொலைகாட்டிகள் என்று பல கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

சரி, இப்போது முக்கியமான கதைக்கு வருவோம்.

2006 சனவரியில் நியூ ஹொறைசன்ஸ் என்ற விண்கலம் பூமியை விட்டுப் புறப்பட்டது. 2015 யூலை 14 ஆந் திகதி அது புளூட்டோவைக் கடந்து போனது. அதற்குப் பிறகு அது எங்கே போவது? அதனிடம் மிச்சம் இருந்த எரிபொருளுக்கு எட்டக்கூடிய தூரத்தில் ஒரு சிறிய பொருளை ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி 2014 யூன் மாதம் கண்டுபிடித்திருந்தது. அப்போது அதற்குப் பெயர்கூட இல்லை; ஓர் இலக்கம் மட்டுமே. 2019 நவம்பரில்தான் அரோகொத் என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் ஆதிக்குடிகளில் ஒரு பிரிவினரின் மொழியில் அதற்கு 'வானம்' என்று அர்த்தமாம்.

இந்த அரோகொத் எங்களிடம் இருந்து ஏறத்தாழ 650 கோடி கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து ஒளி வந்து சேரவே ஆறு மணித்தியாலம் ஆகிறது. அதன் நீளமோ சுமார் 36 கிலோமீற்றர்தான். எவ்வளவு சிறியது என்று விளங்க ஒரு கணக்குச் சொல்கிறேன். பேர்த்தில் ஒருவர் ஐந்து சத நாணயம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் சிட்னியில் இருந்து அந்த நாணயத்தைப் பார்க்கிறீர்கள். வானத்தில் அரோகொத் தெரிகிற அளவு அவ்வளவுதான். ஹபிளுக்கே அது ஒரு புள்ளி மட்டும்தான். அது வட்டமா, நீளமா, ஒன்றா, இரண்டா, சுற்றிலும் தூசி இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. மணிக்கு ஐம்பதாயிரம் கிலோமீற்றர் அளவு வேகத்தில் போகிற விண்கலத்துக்கு ஓர் அரிசிமணி அளவுத் துகள் பட்டாலே போதும், கதை முடிந்துவிடும். ஆகவே போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதற்கு இருந்த ஒரே வழி மறைப்புத்தான். நட்சத்திரங்கள் கணக்கிட முடியாத தூரத்தில் இருப்பதால் அவற்றின் ஒளிக்கதிர்கள் சமாந்தரமாகவே வருகின்றன. அந்த ஒளியின் குறுக்கே ஒரு கல் வந்தால் அதன் நிழல் பூமியில் விழும். ஒளிக்கதிர்கள் சமாந்தரமானவை என்றபடியால் நிழலின் அகலமும் அந்தக் கல்லின் அகலமும் ஏறத்தாழ ஒன்றுதான். அதாவது, 650 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற ஒரு பொருள் தன்னுடைய அளவை எங்கள் நிலத்தின்மேல் தானே வரைந்து காட்டிவிட்டுப் போகிறது. ஆனால் அந்த நிழல் ஒரு செக்கனுக்கு இருபது கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் ஓடும். எந்த இடத்திலும் ஒரு செக்கனுக்கு மேல் நிற்காது. சரியான கோட்டில், சரியான நேரத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது.

2017 ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் மூன்று தடவை அரோகொத் வெவ்வேறு நட்சத்திரங்களை மறைக்கும் என்று கணித்தார்கள். கணித்தவர்களில் முக்கியமானவர் மார்க் பூயி என்ற அமெரிக்க வானியலாளர். ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் கையா என்ற விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் இடங்களை மிக நுணுக்கமாக அளந்துகொண்டிருந்த காலம் அது. அந்த அளவீடுகளில் தேவையான பகுதியை, பொதுவில் வெளியிடுமுன்னரே கையாக் குழுவினர் இவர்களுக்குக் கொடுத்து உதவினார்கள்.

முதலாவது மறைப்பு யூன் 3 ஆந் திகதி. தென்னாபிரிக்காவிலும் ஆர்ஜென்ரீனாவிலும் 25 சிறு தொலைகாட்டிகளோடு குழுக்கள் போய் நின்றன. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். ஒன்றில்கூட நட்சத்திரம் மறையவில்லை.

இரண்டாவது யூலை 10 ஆந் திகதி. நியூசிலாந்தில் இருந்து புறப்பட்ட சோபியா என்ற பறக்கும் ஆய்வகம் பசிபிக் மேலே பறந்து பார்த்தது. அரோகொத்தைச் சுற்றி ஆபத்தான தூசி ஏதும் இருக்கிறதா என்று தேடுவதுதான் அதன் முக்கிய வேலை.

மூன்றாவது யூலை 17 ஆந் திகதி. இந்தத் தடவை நிழல் ஆர்ஜென்ரீனாவின் தென்பகுதியான படகோனியாவைக் கடக்க இருந்தது. கொமொடோரோ றிவதாவியா என்ற கரையோர நகரத்தைச் சுற்றி, நிழலின் பாதைக்குக் குறுக்கே வேலி போட்டது போல 24 தொலைகாட்டிகளை வரிசையாக நிறுத்தினார்கள். தொலைகாட்டிகள் ஒவ்வொன்றும் 40 சென்ரிமீற்றர் அளவு. அங்கே அப்போது நல்ல மாரி. குளிர் ஒரு பக்கம், படகோனியாவின் பேர்போன காற்று ஒரு பக்கம். காற்று அடித்துத் தொலைகாட்டி ஆடினால் எல்லாம் வீண்.

இந்த இடத்தில்தான் அந்த ஊர்ச் சனம் கதைக்குள் வருகிறது. தொலைகாட்டிகளுக்குக் காற்று மறைப்பாக லொறிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாகன வெளிச்சம் படாமல் பிரதான நெடுஞ்சாலையை இரண்டு மணித்தியாலம் மூடினார்கள். தெருவிளக்குகளை அணைத்தார்கள். ஒரு நட்சத்திரம் ஒரு செக்கன் மறைவதைப் பிறர் பார்ப்பதற்காக ஓர் ஊர் தன் விளக்குகளை அணைத்தது.

இதை வாசித்தபோது என் மனம் எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கும் விளக்கு அணைத்த இரவுகள் உண்டு. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு, ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பற்றறி கிடைக்காமல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்களும் இருப்பீர்கள். அந்த இரவுகளில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தது! ஆனால் மேலே பார்த்தால் நாங்கள் தேடியது நட்சத்திரத்தை அல்ல, என்ன சத்தம் வருகிறது என்பதைத்தான். விளக்கை அணைப்பது பயத்தினால் மட்டுமல்ல, ஆசையினாலும் நடக்கலாம் என்று கொமொடோரோ சனம் எனக்குக் காட்டித் தந்தது.

நள்ளிரவு கடந்து நிழல் வந்து போனது. 24 தொலைகாட்டிகளில் ஐந்தில் நட்சத்திரம் மறைந்தது. ஐந்தே ஐந்து. ஒவ்வொன்றும் ஒரு செக்கன் அளவு அல்லது அதற்கும் குறைவு. ஒவ்வொரு குழுவும் கண்டது ஒரு கோட்டை மட்டும்தான்: இந்த நேரத்தில் மறைந்தது, இந்த நேரத்தில் திரும்ப வந்தது. அந்த ஐந்து கோடுகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கியபோது ஓர் உருவம் தெரிந்தது. அது உருண்டை அல்ல. நீளமான ஒன்று, அல்லது ஒட்டியபடி இருக்கும் இரண்டு.

2019 சனவரி முதலாந் திகதி, நாங்கள் புதுவருட வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த நாளில், நியூ ஹொறைசன்ஸ் அரோகொத்தை ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் தூரத்தில் கடந்தது. படம் வந்தது. தட்டையான ரொட்டி ஒன்றோடு ஒரு கொட்டைப்பாக்கை ஒட்டி வைத்தது போல இரண்டு துண்டுகள் சேர்ந்த ஒரே உடல். படகோனியாவில் குளிருக்குள் நின்றவர்கள் வரைந்த அதே உருவம்! அந்த இரண்டு துண்டுகளும் மோதிச் சிதறவில்லை. மிக மெதுவாக வந்து ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொண்டன என்று இப்போது விளங்குகிறது. சூரிய குடும்பம் உருவான காலத்தில் இருந்து, 400 கோடி வருடங்களுக்கு மேலாக, அவை அப்படியே இருக்கின்றன. கிரகங்கள் எப்படித் தொடங்கின என்ற பெரிய கேள்விக்கு அந்தச் சின்னக் கல் ஒரு சாட்சி.

இப்போது கணக்காளராக ஒரு வார்த்தை. அந்த இரவில் 24 குழுக்களில் ஐந்துக்குத்தான் நிழல் விழுந்தது என்றேன். மிச்சம் 19 குழுக்கள்? விமானத்தில் வந்து, பெட்டிகளைச் சுமந்து, குளிரில் விறைத்து, ஒன்றுமே காணாமல் திரும்பினவர்கள். அவர்களுடைய உழைப்பு வீணா?

இல்லை, நேயர்களே. ஐந்து கோடுகள் உருவத்தின் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால், அதற்கு இருபுறமும் நின்று "இங்கே நட்சத்திரம் மறையவில்லை" என்று எழுதினவர்கள்தான் உருவம் எங்கே முடிகிறது என்று சொன்னார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கல் எவ்வளவு பெரிதாகவும் இருந்திருக்கலாம். யூன் 3 ஆந் திகதி எடுத்த ஓர் இலட்சம் படங்களும் அப்படித்தான். ஒன்றும் இல்லாத பதிவும் பதிவுதான். என்னுடைய தொழிலில் இது சாதாரண விஷயம். வருமானம் இல்லாத வருடத்துக்கும் 'இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் உண்டு. பூச்சியம் என்று எழுதியிருப்பதற்கும் ஒன்றுமே எழுதாமல் விட்டிருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது ஒரு தகவல். இரண்டாவது ஓர் ஓட்டை.

இன்னுமொரு விஷயம், நேரம். மறைப்பைப் பார்க்கிறவர்கள் எவ்வளவு நல்ல தொலைகாட்டி வைத்திருந்தாலும், எந்த இடத்தில் நின்றோம், எத்தனை மணி எத்தனை நிமிடம் எத்தனை செக்கன் என்று துல்லியமாகப் பதிந்திருக்காவிட்டால் அந்தக் காட்சிக்கு மதிப்பில்லை. திகதி இல்லாத பற்றுச்சீட்டு மாதிரி. உங்களில் சிலர் என்னிடம் கொண்டுவந்து தருகிற பையைப் பற்றித்தான் சொல்கிறேன்!

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்துக் காரியம் ஒன்றைச் சொல்கிறேன். வானியலோடு ஒப்பிடக்கூடியதா என்று தயங்கினேன். ஆனால் எனக்கு இந்த விஷயம் முழுதாக விளங்கியது அதனால்தான்.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்தில் இருந்து இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த இடப்பெயர்வில் என்னுடைய பெரியப்பா சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது காலமானார். எந்தத் திகதி என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. யார் எழுதுவது? பேப்பர் ஏது, பேனை ஏது. பிறகு வன்னி, கொழும்பு, கடல் கடந்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு தேசம். திதி தெரியாததால் பெரியம்மா வருடா வருடம் திவசம் செய்ய முடியாமல் மனம் புழுங்கினார். ஆடி அமாவாசைக்கு மட்டும் விரதம் இருந்தார்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கதைத்தோம். பாரிஸில் இருக்கிற மச்சாள் சொன்னா, "சாவகச்சேரிக்கு வந்து மூண்டாம் நாள் எண்டு நினைக்கிறன்." ரொறன்ரோவில் இருக்கிற பெரிய அண்ணா சொன்னார், "அண்டைக்கு இரவு நிலவு. நடுச்சாமம் தாண்டியும் நிலவு இருந்தது, அந்த வெளிச்சத்திலதான் ஆக்களைத் தேடிப் போனனான்." லண்டனில் இருக்கிற சின்னத்தம்பி, அப்போது அவனுக்குப் பதினொரு வயது, "கிரகணம் பார்த்ததுக்குப் பிறகு, ஆனா ரெண்டு கிழமை ஆகேல்லை," என்றான். அது சரிதான். அந்த வருடம் ஒக்ரோபர் 24 ஆந் திகதி சூரியகிரகணம் வந்தது. எங்கள் பக்கத்தில் அரைகுறையாகத் தெரிந்தது. கடைசியாக அயலில் இருந்த ஓர் அக்கா. அவ தனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் தொடங்கினா. "நான் பெரியவர் செத்த அண்டைக்கு அங்க இல்லைத் தம்பி. புதன்கிழமை பின்னேரம் நான் தண்ணி அள்ளப் போகேக்க அவர் விறாந்தையில இருந்து தேத்தண்ணி குடிச்சவர். அடுத்த நாள் நாங்கள் கொடிகாமத்துக்குப் போயிட்டம்."

பாருங்கள், அந்த அக்கா மரணத்தைக் காணவில்லை. ஆனால் புதன்கிழமை பின்னேரம் வரை அது நடக்கவில்லை என்பதற்கு அவ ஒருவர்தான் சாட்சி. மச்சாளின் மூன்றாம் நாள், அண்ணாவின் நிலவு, தம்பியின் கிரகணம், அக்காவின் தேத்தண்ணி. இவை எல்லாவற்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன். நவம்பர் 2 ஆந் திகதி, வியாழக்கிழமை. அந்த நாளில்தான் எல்லாம் பொருந்தின. ஐயர் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைச் சொன்னார். அந்த வருடம் பெரியம்மா திவசம் செய்தார். இலை போட்டுப் படைத்துவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

எங்களில் ஒருவருக்கும் முழுக் கதையும் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு கோடு இருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கோடுகள் நான்கு தேசத்தில் தனித்தனியாகக் கிடந்தன, ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இன்னும் பத்து வருடம் விட்டிருந்தால் இரண்டு கோடுகளாவது இல்லாமல் போயிருக்கும்.

சரி, மீண்டும் வானத்துக்குப் போவோம். இதெல்லாம் பெரிய விஞ்ஞானிகளின் வேலை, எங்களுக்கு என்ன என்று நினைக்காதீர்கள். 2023 பெப்ரவரியில் குவாவார் என்ற தொலைதூரச் சிறுகோளுக்கு ஒரு வளையம் இருப்பதாக அறிவித்தார்கள். குவாவார் புளூட்டோவிலும் சிறியது; குறுக்களவு ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர். அதிசயம் என்னவென்றால், அந்த வளையம் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. ஒரு கோளுக்கு மிகக் கிட்ட இருந்தால்தான் துகள்கள் ஒன்றுசேர முடியாமல் வளையமாகவே நிற்கும்; தூரத்தில் இருந்தால் கூடி ஒரு நிலவாகிவிடும் என்பது பழைய பாடம். அந்த எல்லைக்கு இரண்டு மடங்குக்கும் அப்பால், குவாவாரின் மையத்தில் இருந்து சுமார் 4,100 கிலோமீற்றரில் இந்த வளையம் நிற்கிறது. பாடப்புத்தகத்தைத் திருப்பிப் பார்க்க வைத்த கண்டுபிடிப்பு. அதுவும் நட்சத்திர மறைப்பினால்தான் கிடைத்தது. அதற்கு உதவிய பதிவுகளில் ஒரு பகுதி அவுஸ்திரேலியாவின் பொழுதுபோக்கு வானியலாளர்களுடையது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் வீட்டு வளவில் தொலைகாட்டியை வைத்துப் பார்க்கிற ஆட்கள்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கனடா எல்லை தொடங்கி மெக்சிக்கோ எல்லை வரை ஐம்பதுக்கு மேற்பட்ட சிறிய ஊர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஊரவர்களும் சேர்ந்து, இதே வேலையைச் செய்கிறார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரே மாதிரித் தொலைகாட்டி, ஒரே மாதிரிக் கமெரா. நிழல் எந்த ஊரால் போகும் என்று முன்கூட்டியே நிச்சயமாகச் சொல்ல முடியாத பொருள்களுக்கு இதுதான் நல்ல வழி. எல்லா ஊரும் பார்க்கும். சில ஊருக்கு மட்டும் நிழல் விழும். மற்ற ஊர்கள் 'இல்லை' என்று எழுதி அனுப்பும்.

தேவையானவை என்ன? ஓர் அளவான தொலைகாட்டி, ஒரு வீடியோ கமெரா, செய்மதியில் இருந்து சரியான நேரத்தைப் பெற்றுப் படத்திலேயே பதிகிற சிறிய கருவி. எல்லாவற்றிலும் முக்கியமானது பொறுமை. மழையோ முகிலோ வந்தால் அவ்வளவுதான். உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால் உங்கள் நகரத்தில் உள்ள வானியல் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அநேகமான சங்கங்கள் பிள்ளைகளைச் சந்தோசமாக வரவேற்பார்கள். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்று மூன்று கதவுகளை மட்டும் காட்டி வளர்க்கிற எங்கள் பிள்ளைகளுக்கு, வானத்தைப் பார்க்க வேறொரு கதவும் இருக்கிறது என்று தெரியட்டும். கணக்காளராகிய நானே சொல்கிறேன்!

"இதனால் என்ன பிரயோசனம், அரிசி விலை குறையுமா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அரிசி விலை குறையாது. ஆனால் காண முடியாத ஒன்றை, அதனால் மறைபட்டதை வைத்து அறிந்துகொள்ளலாம் என்பது சின்ன விஷயமல்ல. ஒருவர் மட்டும் பார்த்தால் கிடைக்காத உருவம், பலர் தங்கள் தங்கள் இடத்தில் நின்று, கண்டதைக் கண்டபடியும் காணாததைக் காணவில்லை என்றும் எழுதினால் கிடைக்கும் என்பதும் சின்ன விஷயமல்ல. எங்களைப் போலச் சிதறிப் போன சனத்துக்கு அது இன்னும் பெரிய விஷயம்.

ஆகவே இந்த மாதம் உங்களுக்கு நான் தருகிற வீட்டுவேலை ஒன்றுதான். உங்கள் வீட்டில் உள்ள அம்மம்மாவிடம், அப்பப்பாவிடம், பெரிய மாமாவிடம் ஒரு கொப்பியோடு போய் உட்காருங்கள். நடந்ததைக் கேளுங்கள். எங்கே என்று கேளுங்கள், எப்போது என்று கேளுங்கள். திகதி தெரியாவிட்டால் மழையா, நிலவா, எந்தக் கோயில் கொடியேற்றம் என்று கேளுங்கள். "எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை" என்று தொடங்குகிறவர்களை முதலில் கேளுங்கள்.

அடுத்த மாதம் வழக்கம்போல வரிப் படிவங்களோடு வருகிறேன். பற்றுச்சீட்டுகளைத் திகதி வாரியாக அடுக்கி வையுங்கள்.